எழுதாத ஒப்பந்தமும் எழும்பாத வீடும்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்று எம் முன்னோர் கூறிவைத்தனர். அவர்கள் கூறாது விட்ட மூன்றாவது ஒன்றும் உண்டு. கட்டிய வீட்டுக்காக வழக்கு வைத்துப் பார் என்பதே அது. வடக்கிலும் கிழக்கிலும் இன்று கூரை ஏறாத சுவர்கள் எத்தனை! கதவு காணாத வாசல்கள் எத்தனை! கம்பி துருப்பிடித்து வானத்தைப் பார்த்து நிற்கும் தூண்கள் எத்தனை! இவையெல்லாம் போரின் எச்சம் என்று வழிப்போக்கர் எண்ணிச் செல்வர். போரினால் இடிந்தவை அவற்றுட் சில. வேறு பல, போர் ஓய்ந்த பின்னர் எம்மவர் இருவர் செய்துகொண்ட ஒப்பந்தம் இடிந்ததனால் நின்றுபோனவை.

"காசை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான்" என்கிறார் வீட்டுக்காரர். "வேலையை வாங்கிக்கொண்டு காசு தர மறுக்கிறார்" என்கிறார் கொந்தராத்துக்காரர். இருவரும் எம் இனத்தவர். இருவரும் வியர்வை சிந்தி உழைத்தவர். ஒருவரின் சேமிப்பும் மற்றவரின் உழைப்பும் ஒரே சுவருக்குள் சிறைப்பட்டுக் கிடக்கின்றன. இவ்விருவருக்கும் நடுவே நிற்கவேண்டிய சட்டம் எங்கே? அது கொழும்பில் இருக்கிறது, ஆங்கிலத்தில் இருக்கிறது, பணமுள்ளவன் வீட்டு விறாந்தையில் இருக்கிறது. எம் ஊர் முற்றத்துக்கு அது வந்ததில்லை. அதனை வரவழைக்க எம்மை ஆள்வோரும் முயலவில்லை. எமக்காகப் பேசுவோரும் முயலவில்லை. கற்றறிந்த எம் சட்டத்தரணிகளும் முயலவில்லை. இதுவே எமது குற்றச்சாட்டு.

ஒரு முற்றத்தில் நடந்தது

பலர் பட்ட துன்பத்தை ஒருவர் கதையாகத் திரட்டிக் கூறுகிறோம். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் வைத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்த ஒரு கமக்காரர். மூத்த மகளுக்குச் சீதனமாக எழுதிய இரண்டு பரப்புக் காணி. அடுத்த வைகாசியில் கலியாணம். 2021 ஆவணியில் அயலூர்க் கொந்தராத்துக்காரரை அழைத்துப் பேசினார். சதுர அடிக்கு இவ்வளவு, சாமான் உட்பட, எட்டு மாதத்தில் திறப்புக் கையளிப்பு. முற்றத்தில் இருந்து தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஒப்பந்தமும் முடிந்தது. ஒரு துண்டுக் கடதாசியில் தொகை மட்டும் குறிக்கப்பட்டது. கையெழுத்து இல்லை. எழுதுவோமா என்று ஒருவர் கேட்டிருந்தால், என்னில் நம்பிக்கை இல்லையோ என்று மற்றவர் முகஞ் சுளித்திருப்பார்.

பின்னர் நடந்ததை நாடறியும். 2021 இன் நடுப்பகுதியில் ஏறக்குறைய 1,000 ரூபாவாக இருந்த 50 கிலோ சீமெந்துப் பை, 2022 இல் 3,000 ரூபாவைத் தொட்டது. கம்பியும் ஓடும் வயரும் அதனைப் பின்தொடர்ந்தன. டீசல் வரிசையில் லொறிகள் நாட்கணக்கில் நின்றன. கமக்காரருக்கோ 2021 மே மாதத்து இரசாயனப் பசளைத் தடையின் அடி. அந்த ஆண்டே தடையை நீக்கினார்கள். ஆனால் கெட்ட போகம் திரும்பி வரவில்லை. சுவர் லிந்தல் மட்டத்துக்கு வந்ததும் வேலை நின்றது. "சாமான் உட்பட என்றுதானே சொன்னாய்" என்றார் இவர். "அன்றைய விலைக்குத்தானே சொன்னேன்" என்றார் அவர். இருவர் கூற்றும் பொய்யன்று. சொல்லப்பட்டது ஒன்று, கருதப்பட்டவை இரண்டு. எழுதப்பட்டது எதுவுமில்லை.

"ஆனி கழியட்டும் தருகிறேன்", "ஆவணி பிறக்கட்டும் வருகிறேன்." இப்படியே பதினெட்டு மாதங்கள் சென்றன. மகள் மாமியார் வீட்டில் குடியிருந்தாள். கொந்தராத்துக்காரர் மேசன்மாரின் சம்பளத்துக்காக மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்தார். சீமெந்துக் கடைக்காரர் கொப்பியைப் புரட்டிப் பெருமூச்சு விட்டார். இறுதியில் மூவரும் தனித்தனியே சட்டத்தரணியிடம் சென்றனர். அங்கேதான் அவர்கள் முதன்முறையாகச் சட்டத்தின் முகத்தைக் கண்டனர்.

சட்டத்தின் மணிக்கூடு

அந்த முகம் 1871 ஆம் ஆண்டினது. அவ்வாண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் எம்மை ஆள்கிறது. எழுதிச் செய்த உடன்படிக்கையின் மீது வழக்கு வைக்க அது தரும் காலம் ஆறு ஆண்டு. எழுதாத உடன்படிக்கைக்கு மூன்று ஆண்டு. செய்த வேலைக்கான கூலி, கைவினைஞர் தொழிலாளரின் சம்பளம், கடைக் கணக்கு, விற்றுக் கொடுத்த பொருளின் விலை ஆகியவற்றுக்கோ ஒரேயொரு ஆண்டு! கடதாசி வைத்திருப்பவனுக்கு ஆறு. கை மட்டுமே வைத்திருப்பவனுக்கு ஒன்று. மேசனும் ஓடாவியும் கடைக்காரரும் தவணை சொல்லித் தவணை சொல்லிக் காத்திருந்த அந்த ஓராண்டில் அவர்கள் உரிமை சத்தமின்றிச் செத்துவிடுகிறது. கொந்தராத்துக்காரரின் கோரிக்கை மூன்றாண்டில் விழுமா, ஓராண்டில் விழுமா என்ற வாதமே தனியொரு வழக்காகிவிடுகிறது.

"அவர் தருவேன், தருவேன் என்று சொல்லிக்கொண்டுதானே இருந்தார்" என்று எம்மவர் முறையிடுவர். வாயால் நூறுமுறை கூறினாலும் சட்டத்தின் மணிக்கூடு நிற்பதில்லை. கடனாளி கையொப்பமிட்ட எழுத்து ஒன்று வேண்டும்; அல்லது கடனில் ஒரு பகுதியையேனும் அவர் செலுத்தியிருக்க வேண்டும். அதே சட்டத்தின் 12 ஆம் பிரிவு இதனைத் தெளிவாகக் கூறுகிறது. ஒரு வரி எழுதி ஒரு கையெழுத்து வாங்கியிருந்தால் உயிரோடு இருந்திருக்கக்கூடிய கடன் எத்தனை! அந்த ஒரு வரியை எழுதும்படி எம் மக்களுக்குச் சொன்னவர் யார்?

வீட்டுக்காரர் நிலையும் மேலானதன்று. சுவர் வெடித்தது, அத்திவாரம் ஆழமில்லை, கம்பி குறைவு என்று கண்டவுடன் ஆத்திரத்தில் வேறொரு மேசனை இறக்கிவிடுகிறார். புதியவர் இடித்துக் கட்டிப் பூச்சுப் பூசியதும், பழையவர் செய்த பிழையின் சாட்சி அந்தப் பூச்சுக்குள் மறைந்துவிடுகிறது. நீதிமன்றத்தில் வாய்ச் சாட்சிக்கு எதிர் வாய்ச் சாட்சி. வேலை நின்ற அன்றே ஒரு பொறியியலாளரைக் கொண்டு அளந்து, படமெடுத்து, அறிக்கை பெற்று, மற்றவருக்குக் கடிதம் மூலம் அறிவித்திருந்தால் வழக்குப் பாதி முடிந்திருக்கும். வழக்கே வேண்டாதும் போயிருக்கும். இது பெரிய சட்ட இரகசியமா? ஒரு சட்டத்தரணி ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடியது. அந்த ஐந்து நிமிடந்தான் எம் விவசாயிக்குக் கிட்டவில்லை.

எழுதியவர்க்கும் பொறி

எழுதிவிட்டாற் போதுமா? எதை எழுதினோம் என்பது தெரிய வேண்டாமா? 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் எழுத்தில் வந்தபின் அந்த எழுத்துக்கு மாறாக வாய்ப்பேச்சைச் சாட்சியாக நீட்ட முடியாது, விதிவிலக்குகள் சிலவே. ஆகவே விளங்காத மொழியில் கையெழுத்து வைப்பவன் தன் வாய்க்குத் தானே பூட்டுப் போடுகிறான்.

சிறு கொந்தராத்துக்காரர் ஒருவர் பாடசாலைக் கட்டிடமோ வாய்க்கால் வேலையோ உபகொந்தராத்தாக எடுக்கிறார். அவர் கையில் கொடுக்கப்படும் அச்சிட்ட பத்திரம் பெரும்பாலும் ஆங்கிலம். நாற்பது பக்கத்தில் ஓரிடத்தில் நடுத்தீர்ப்பு வாசகம் ஒளிந்திருக்கிறது. பணம் கிடைக்காது போகவே மாவட்ட நீதிமன்றத்துக்கு ஓடுகிறார். எதிராளி எழுந்து அந்த வாசகத்தைக் காட்டி ஆட்சேபிக்கிறார். அத்துடன் வழக்கு முடிந்தது. 1995 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின் 5 ஆம் பிரிவின்படி, மற்றத் தரப்பு ஆட்சேபித்தால் நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் இல்லை. நடுத்தீர்ப்பாளருக்கு வேதனம், மண்டபத்துக்கு வாடகை, சட்டத்தரணிக்குக் கட்டணம் எல்லாம் கொடுத்து வென்றாலும் பயணம் முடிவதில்லை. தீர்ப்பை நிறைவேற்ற மேல் நீதிமன்றம் செல்ல வேண்டும். அச்சட்டம் மேல் நீதிமன்றம் என்று சொல்லும்போது கருதுவது கொழும்பு வலயத்து மேல் நீதிமன்றத்தை. வேறு வலயங்களையும் அமைச்சர் குறித்துரைக்கலாம் என்று அதிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். சாவகச்சேரியில் கட்டிய மதகுக்குக் கொழும்பில் ஏன் படியேற வேண்டும் என்று கேட்க எம் பிரதிநிதிகளுள் ஒருவருக்கு நாவெழவில்லை!

அரசாங்கமே கடனாளி என்றால் நிலை இன்னும் மோசம். 2022 இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர், முடித்த வேலைக்கான பில்லைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்த கொந்தராத்துக்காரர் நாடெங்கும் இருந்தனர். எம் பகுதியிலும் இருந்தனர். வங்கி அவர்களுக்காகக் காத்திருந்ததா? அரசாங்கத்தின் மீது வழக்கு வைப்பதாயின் சட்டமா அதிபருக்கு ஒரு மாத எழுத்தறிவித்தல் கொடுக்கவேண்டும் என்கிறது குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 461 ஆம் பிரிவு. அரசனுக்கு ஒரு மாதம் அவகாசம். குடிக்கு அறிவித்தலை எழுதித் தர ஓர் ஆள் இல்லை.

நம்பிக்கை என்னும் சாட்டு

"எமக்குள் எழுத்தெதற்கு? எழுதுவது ஐயத்தின் அடையாளமன்றோ?" என்று கேட்போர் உளர். அவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். மகளுக்குச் சீதனங் கொடுக்கும் தகப்பன் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு சீதன உறுதி முடிக்கிறாரே. பெற்ற மகளை நம்பாததினாலா? தமையன் தம்பிக்குக் காணியை ஈடு வைத்தாலும் உறுதி எழுதுகிறோமே. கூடப் பிறந்தவனைக் கள்வன் என்பதற்கா? 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் காணிக்கு உறுதி வேண்டும் என்றது. நாம் அதற்குப் பழகிக்கொண்டோம். எவரும் முகஞ் சுளிப்பதில்லை. இரண்டு பரப்பு நிலத்துக்கு உறுதி எழுதிய கை, அந்த நிலத்தின் மேல் எழும் வீட்டுக்கு ஒரு தாள் எழுதக் கூசுவதேன்? வீட்டின் செலவு நிலத்தின் விலையைத் தாண்டிவிட்ட காலமல்லவா இது!

வெளிநாட்டில் வாழும் எம் உறவினர் கதி இன்னும் இரங்கத்தக்கது. பனியில் உழைத்த பணத்தை ஊருக்கு அனுப்பி, உறவினருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்து வீடு கட்டுவிக்கின்றனர். மாடிப்படியை மாற்று, மாபிள் போடு என்று கைத்தொலைபேசியில் கட்டளைகள் பறக்கின்றன. கணக்கு முடிக்கும் நாளில், யார் சொன்னது, எப்போது சொன்னது என்று பிணக்கு. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அத்தகைய செய்திகளையும் சான்றாக ஏற்க வழி செய்துள்ளது. அதை அறிந்தவர் செய்தியைப் பாதுகாக்கின்றனர். அறியாதவர் அழித்துவிட்டு அழுகின்றனர்.

உறுதி எழுதிய மொழி

யாழ்ப்பாணத்துத் தேசவழமை 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்டது. ஒற்றி, ஈடு, நன்கொடை, சீதனம், முதுசம், தேடியதேட்டம் என்று சொத்துரிமையின் நுணுக்கங்களுக்கெல்லாம் சொல் வைத்திருந்த சமுதாயம் இது. எம் நொத்தாரிசுமார் தலைமுறை தலைமுறையாகத் தமிழில் உறுதி எழுதினர். அந்தத் தமிழுக்கு ஒரு கட்டிட ஒப்பந்தம் எழுத வலிமையில்லையா?

1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1961 இல் நீதிமன்றங்களின் மொழிச் சட்டம் வந்தது. அந்த 1961 இலேயே யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் எம் மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். எத்தனையோ இழப்புக்குப் பின் 1987 இல் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென்றது. 1988 இல் 16 ஆம் திருத்தம் தமிழ் நிருவாக மொழியாக உள்ள பகுதிகளில் அதுவே நீதிமன்ற மொழி என்றது. சட்டத்தில் கிடைத்தது இவ்வளவு. அந்த உரிமையை நாம் என்ன செய்தோம்? எம் பொறியியலாளர் ஆங்கிலப் பத்திரத்தை நீட்டுகிறார். எம் வங்கி முகாமையாளர் ஆங்கிலப் பத்திரத்தை நீட்டுகிறார். எம் சட்டத்தரணி ஆங்கிலத்தில் கோரிக்கைக் கடிதம் எழுதுகிறார். எம் கமக்காரர் மூன்றிலும் தமிழில் கையெழுத்து வைக்கிறார். கொழும்பு மறுத்தபோது கொதித்தோம். எமக்குள் நாமே மறுக்கும்போது உறங்குகிறோம்.

யார் கடமை?

போருக்குப் பின் வீடமைப்புத் திட்டங்கள் பல வந்தன. 2012 முதல் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் பயனாளி ஒருவருக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கட்டங்கட்டமாக வங்கிக் கணக்குக்கு வந்தது. குடும்பமே மேசனைப் பேசிக் கட்டவேண்டும். கணவனை இழந்த பெண், முகாமிலிருந்து திரும்பிய முதியவர், ஒரே நாளில் கட்டிட முதலாளியாக்கப்பட்டனர். அத்திவாரம் இப்படி, கம்பி இப்படி என்று சொல்லத் தொழில்நுட்ப அலுவலர் வந்தனர்; நன்று. மேசனோடு எப்படி ஒப்பந்தம் செய்வது, முற்பணம் எவ்வளவு கொடுப்பது, இடையில் விட்டுப்போனால் யாரிடம் போவது என்று சொல்ல யார் வந்தார்? நகையை அடகு வைத்துக் கூரை போட்ட குடும்பங்களைக் கேட்டால் விடை தெரியும்.

1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தினால் சட்ட உதவி ஆணைக்குழு அமைந்தது. ஏழைக்கு உதவும் அதன் பணியை நாம் மதிக்கிறோம். ஆனால் வருமானத்தை அளந்து உதவி செய்யும் வாசல் அது. இரண்டு பரப்புக் காணி வைத்திருக்கும் கமக்காரரும், கொங்கிறீட் கலக்கும் இயந்திரத்தை லீசிங்கில் எடுத்த கொந்தராத்துக்காரரும் அந்த அளவுகோலுக்கு ஏழையாவதும் அரிது. கொழும்புச் சட்டத்தரணியை அமர்த்தும் செல்வராவதும் அரிது. இலவச உதவிக்கு மிஞ்சியவர். விலை கொடுத்து வாங்கும் உதவிக்கு எட்டாதவர். எம் சமுதாயத்தில் பெரும்பாலார் இந்த இடைவெளிக்குள் அல்லவா வாழ்கின்றனர்?

நாம் வேண்டுவன

ஒன்று: வடக்கு கிழக்குச் சட்டத்தரணிகள் சங்கங்களும் பொறியியலாளரும் கூடி இருந்து, தமிழில் ஒரு மாதிரி ஒப்பந்தம் வரைந்து பிரதேச செயலகந்தோறும் சீமெந்துக் கடைதோறும் கிடைக்கச் செய்யவேண்டும். இரண்டு தாள் போதும். வரைபடமும் அளவுப் பட்டியலும், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், சாமான் யார் வாங்குவது, விலை ஏறினால் யார் எவ்வளவு தாங்குவது, மேலதிக வேலைக்கு எழுத்து, முடிக்கும் திகதி, குறை திருத்தும் வரை நிறுத்திவைக்கும் தொகை, பிணக்கு வந்தால் அளந்து சொல்வது யார். 2022 இன் விலையேற்றம் கற்பித்த பாடத்துக்குப் பின்னும் விலை வாசகம் இல்லாத ஒப்பந்தம் எழுதுவது மடமை.

இரண்டு: சட்டத்தரணி ஒருவரும் பொறியியலாளர் ஒருவரும் சேர்ந்து அமரும் ஆலோசனை நாள் மாதம் ஒருமுறையேனும் பிரதேசந்தோறும் வேண்டும். வழக்கு வந்தபின்னன்று, கையெழுத்து வைக்குமுன் அந்த உதவி கிட்டவேண்டும்.

மூன்று: 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபைகள் எம் மொழியில், எம் ஊரில், அதிக செலவின்றிப் பிணக்குத் தீர்க்கின்றன. ஆனால் தூணின் கம்பியளவை அறிந்தவர் அங்கு அமர்வது அரிது. குறித்த வகைப் பிணக்குகளுக்கு விசேட சபைகள் அமைக்க 2003 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்திருக்கிறது. காணிப் பிணக்குக்கு அத்தகைய சபைகள் வந்தன. காணிக்கு வந்தது, காணியின் மேல் நிற்கும் கட்டிடத்துக்கு வரக்கூடாதா?

நான்கு: வேலைக் கூலிக்கு ஓராண்டு என்னும் 1871 இன் விதி மாற்றப்படவேண்டும். நடுத்தீர்ப்பை நிறைவேற்றும் அதிகாரம் வடக்கு கிழக்கு மேல் நீதிமன்றங்களுக்கு வழங்கப்படவேண்டும். முன்னையதற்குப் பாராளுமன்றத்தில் ஒரு திருத்தம் வேண்டும். பின்னையதற்கு அமைச்சரின் ஒரு கட்டளை போதும். எம் பிரதிநிதிகள் தேர்தல் மேடையில் நிலம், நிலம் என்று முழங்குகின்றனர். நிலவுரிமை உயிரனையது, நாம் மறுக்கவில்லை. ஆனால் நிலத்தில் வீடு எழும்பாவிட்டால் அந்நிலத்தில் வாழ்வது யார்? பற்றையும் பாம்புமா?

கற்றவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். உங்களுள் மிகப் பலரை நியாயதுரந்தரராகவும் பொறியியலாளராகவும் ஆக்கியது இச்செம்மண்ணில் துலா மிதித்த கால்களின் உழைப்பு. மாதத்தில் ஒரு சனிக்கிழமையைத் திருப்பிக் கொடுப்பது தருமமன்று, கடன் தீர்த்தல். அக்கடனுக்கும் எழுத்தில்லை என்று காலவிதிப்புச் சட்டத்தைக் காட்டித் தப்பாதீர்கள்.

கமக்காரரே, கொந்தராத்துக்காரரே! அரசாங்கம் திருந்தும்வரை, சட்டத்தரணி வரும்வரை காத்திருக்கவேண்டாம். அடுத்த அத்திவாரத்துக்கு நாள் பார்க்கும்போதே ஒரு தாளும் ஒரு பேனையும் எடுத்து வையுங்கள். எழுதுங்கள், தமிழில் எழுதுங்கள், இருவரும் வாசித்து ஒப்பமிடுங்கள், ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். முதற்கல் வைக்குமுன் முதல் வரி எழுதப்படட்டும்.